பொழுது சாயாத வெள்ளிக்கிழமை

1991 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பம்பாயில் பலத்த மழை. ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. அந்த நாளில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையாருக்கு எழுதிக் கொடுக்கிறேன். எழுந்து நின்று சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

நான் ஆவடிக்காரன். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் இருந்த என் மகளுக்குத் தலைப்பிரசவம். அவளால் இங்கே வர முடியவில்லை. நானும் என் மனைவி கிருபையும் புறப்பட்டோம். விமானப் பயம் காரணமாகப் பம்பாய் வரை ரயிலிலேயே போனோம். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

விமானம் என்றால் பஸ்ஸுக்கு இறக்கை வைத்தது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால் கல்யாண மண்டபம். வரிசைக்குப் பத்து நாற்காலி. நடுவில் இரண்டு நடைபாதை. முன்னால் மாடிப்படி வேறு. இத்தனை பேரும் இவர்களுடைய பெட்டிகளும் சேர்ந்தால் என்ன எடை? இது எப்படி எழும்பும்? இன்ஜின் நான்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்று நின்றால் மூன்று, இரண்டு நின்றால் இரண்டு என்று கழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜன்னலோரம் செல்வம் என்ற ஆள். நசரத்பேட்டைக்காரர். சரக்குக் கப்பலில் சமையல்காரர். நியூயார்க்கில் கப்பல் ஏறப் போகிறார். நடுவில் நான். நடைபாதை ஓரம் கிருபை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாசம் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மட்டும் குடிப்போம். பொழுது சாய்ந்து, கோயிலில் விளக்குப் போட்ட பிறகுதான் கஞ்சி. கிருபை அதை ஒரு வாரமும் விட்டதில்லை. "இன்னைக்கு ஆகாயத்துல இருக்கோம், இன்னைக்கா விடுவேன்?" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. உபவாசம் இருந்தால் விமானம் விழாது என்று என் பயம் கணக்குப் போட்டது. அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வெள்ளிக்கிழமைகளில் காலை மாத்திரையை விட்டுவிடுவாள். அன்று நான்தான், வெளியூர் போகும்போது மாத்திரை தவறக் கூடாது என்று கையில் கொடுத்து விழுங்க வைத்தேன்.

விமானம் எழும்பியது. தட்டுகள் வந்தன. எங்கள் முன் வைத்ததை நாங்கள் தொடவில்லை. செல்வம் தன் தட்டை முடித்துவிட்டு, எங்கள் தட்டுகளில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் எண்ணினேன். ஏழு.

"இன்னா நைனா மொறைக்கிற? துட்டு குடுத்துதானே டிக்கெட் வாங்கிகீறோம்" என்றார்.

இப்படிப்பட்டவன் பக்கத்தில் உட்கார வைத்தாயே ஆண்டவரே என்று மனதுக்குள் முறையிட்டேன்.

லண்டனில் விமானம் நின்றபோது கிருபை, "பொழுது சாய்ஞ்சுதாங்க?" என்று கேட்டாள். வெளியே பார்த்தேன். உச்சி வெயில். "இன்னும் இல்லை" என்றேன். மறுபடி ஏறினோம். கீழே கடல். வெயில் அப்படியே நின்றது.

"ஏன் பொழுதே சாய மாட்டேங்குது?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"நாம மேக்கால போய்கினு கீறோம் நைனா. சூரியனும் மேக்காலதான் போவுது. ரெண்டும் ரேஸ் உட்டுகினு கீது. எங்க சாயறது? நீ எறங்கி ஊடு போய் சேர்ற வரைக்கும் கூடவே வரும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிக் கிருபையைப் பார்த்தேன். அந்தக் குளிரில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கையைத் தொட்டேன். ஈரம், சில்லென்று இருந்தது.

"கிருபா?"

"பால்காரன் வந்துட்டானா?" என்றாள்.

என் உயிர் போய்விட்டது. சர்க்கரை இறங்கினால் பேச்சுக் குழறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் நான் விழுங்க வைத்த மாத்திரை வெறும் வயிற்றில் வேலை செய்திருந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் ஓடிப் போய் ஆரஞ்சுச் சாறு கொண்டு வந்தார். விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அத்தனை கூட்டத்தில் ஒருவரும் எழவில்லை. நான் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையைத் திருப்பினாள். தன் பெயரே நினைவில்லாத நிலையிலும் உபவாசம் மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

"வெளிச்சம் இருக்கு" என்றாள். "வெளிச்சம் இருக்கும்போது எப்படி?"

"பரவாயில்லம்மா, குடி!" என்று கெஞ்சினேன். என் கையைத் தட்டிவிட்டாள். சாறு என் வேட்டியில் கொட்டியது. அவள் கண் செருகத் தொடங்கியது.

சூரியனை நிற்கச் சொல்லி ஜெபித்தவரைப் பற்றி நாம் வேதத்தில் வாசித்திருக்கிறோம். இறங்கச் சொல்லி ஜெபித்தவன் நான். வேறு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, இதை அணையும். இந்த வெளிச்சத்தை அணையும்." சத்தமாகவே சொன்னேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். கடகடவென்று சத்தம். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு ஜன்னலாக மூடி இறங்கியது.

"படம் போடப் போறானாம். ஜன்னல மூடச் சொல்றான்" என்று செல்வமும் தன் ஜன்னலை இழுத்து மூடினார். கூரை விளக்குகள் அணைந்தன. அந்தப் பெரிய மண்டபம் முழுக்க ஒரு நொடியில் இருட்டு. தலைக்கு மேல் அங்கங்கே சிறு விளக்குகள் மட்டும்.

கிருபை கண்ணைத் திறந்தாள்.

"விளக்கு வெச்சாச்சா?"

"வெச்சாச்சும்மா" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்று முனகிவிட்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

என் கையில் இருந்ததோ காலி டம்ளர். பணிப்பெண் இன்னொன்று கொண்டுவரப் போயிருந்தார். செல்வம் எனக்கு முன்னால் குனிந்து, சட்டைப் பையிலிருந்த பொட்டலங்களைப் பல்லால் கிழித்தார். "இந்தாம்மா, இத நாக்குல வெச்சிக்கோ. முழுங்காத, சப்பிக்கினே இரு." ஒன்று, இரண்டு, மூன்று. ஏழும் தீர்ந்தது. பிறகு சாறு வந்தது. அதையும் குடித்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

கால் மணி நேரம் கழித்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேட்டியில என்ன கறை?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அழுதுவிட்டேன்.

செல்வம் கிழிந்த பொட்டலங்களைப் பொறுக்கினார். "அழுவாத நைனா. அம்மா தேறிச்சி. மொறைச்சியே, சர்க்கரைக்கு! கப்பல் டீல போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பையில் சர்க்கரை சேரும்போதே ஆண்டவர் பதில் அனுப்பிவிட்டார். நான் கேட்பதற்கு முன்பே. அதைத்தான் நான் திருட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் ஜன்னலைத் திறந்தார்கள். பளீரென்று வெயில். கிருபை அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

"விளக்குன்னுதானே சொன்னேன். விளக்கு எரிஞ்சுதே" என்றேன். எனக்கே அது நியாயமாகப் படவில்லை. அவளுடைய இத்தனை வருஷ உபவாசத்தை நான் கெடுத்துவிட்டேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். நான் அதை மாற்றியிருக்கவில்லை. அது நம் ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று ஆகப் போகிறது.

"கோயில்ல எல்லாரும் கஞ்சி குடிச்சிட்டுப் போய்ப் படுத்திருப்பாங்க" என்றாள். "ஆவடியில இருட்டினா போதாதா ஆண்டவருக்கு? இதுகூடவா கணக்குல வரல உங்களுக்கு?"

வரவில்லை. இன்ஜினை எண்ணினேன், நாற்காலியை எண்ணினேன், அடுத்தவர் பையில் சர்க்கரையை எண்ணினேன். கையில் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை.

விமானம் பத்திரமாக இறங்கியது. செல்வம் எங்கள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். முகவரி வாங்கிக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் எந்தக் கடலில் இருந்தாலும் அவருக்காக ஜெபியுங்கள். எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். திரும்பி வரும்போதும் இன்ஜினை எண்ணினேன். ஆனால் என் உபவாசம்தான் விமானத்தைத் தாங்குகிறது என்ற நினைப்பு போய்விட்டது. அன்பானவர்களே, பயம் தீர்ந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள். வார்த்தை தப்பாக வந்தாலும் கூப்பிடுங்கள். நான் சூரியனை அணைக்கச் சொன்னேன். அவர் ஜன்னலை மூடினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உங்களில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் உபவாசத்துக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். கிருபை இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதைத் தன் உபவாசமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளோடு எங்கே போனாலும் என் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் இருக்கும். ஊர் திரும்பிய மறுநாள் ஆவடி மார்க்கெட் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கினேன். பதினோரு ரூபாய் ஐம்பது காசு.