தாளப் பெட்டிக்கு ஒரு மின்விசிறி

எங்கள் இன்னிசைக் குழுவில் பாடுகிறவர்களுக்கு மின்விசிறி கிடையாது. தாளப் பெட்டிக்கு உண்டு. மேடையின் இடது ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் பழுப்பு நிறத்தில் அந்தப் பெட்டி, பெட்டியைப் பார்த்தபடி நீல இறக்கை வைத்த ஒரு சின்ன விசிறி. நடுவில் நிற்கும் அண்ணி பட்டுப்புடவையில் வியர்த்துக் கொட்டப் பாடுவார். எனக்குக் கீபோர்டில் விரல் வழுக்கும். பெட்டி மட்டும் ஜில்லென்று காற்று வாங்கும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தால், "சூடானா பொட்டி ஸ்லோ ஆயிடுங்க" என்று அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் விளக்கம் கொடுப்பார். ஊர் நம்பியது. கூடவே இருந்த நாங்களும் நம்பினோம்.

தொண்ணூற்று மூன்றில் அண்ணனும் அண்ணியும் விழுப்புரத்தில் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். அண்ணனின் தங்கை நான்; பகலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு, முகூர்த்த நாட்களில் கீபோர்டு. டிரம்ஸ் செட்டை ஏற்ற எங்கள் வேனில் இடமில்லை. அதனால் பாண்டிச்சேரியில் கலைந்துபோன ஓர் ஓட்டல் வாத்தியக் குழுவிடமிருந்து இந்தப் பெட்டியை அண்ணன் வாங்கி வந்தார். வால்ட்ஸ், ரும்பா, சாச்சா, ராக் என்று வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அந்தத் தாளம் தானாக ஓடும். ஓரத்தில் சோடா மூடி அளவுக்கு ஒரு திருகு. வலது பக்கம் திருப்பினால் பாட்டு ஓடும், இடது பக்கம் திருப்பினால் நடக்கும். நம் பாட்டுக்குத் தோதான தாளம் அதில் ஒன்றுகூட இல்லை. கெடார் ஊர்த் திருவிழாவில் அண்ணன் கை தவறி ரும்பாவையும் ராக்கையும் சேர்த்து அழுத்திவிட, கீழே இருந்தவர்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதற்குக் கெடார் அடி என்றே பெயர் வைத்துவிட்டோம்.

அண்ணிக்கு இரண்டாவது பெண் பிறந்தபோது அறுவை சிகிச்சை ஆயிற்று. உடம்பு தேற நாளானது. ஆனாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் மேடைக்கு வந்துவிட்டார். "பழைய மாதிரி ஆயிட்டேன் பாத்தியா பாப்பா" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொள்வார். உண்மையிலேயே பழைய மாதிரிதான் பாடினார். பெட்டிதான் கிழடு தட்டிவிட்டது. பாட்டு பாதியைத் தாண்டினால் வேகம் இறங்கிவிடும். விசிறி மேடைக்கு வந்ததும் அப்போதுதான். அண்ணி மேடையிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகப் பெட்டியைத் திட்ட ஆரம்பிப்பார். "நடுப்பாட்டுல தூங்கிடுதுங்க இந்தக் கெழம்! மானம் போவுது. புதுசு ஒண்ணு வாங்குங்க" என்பார். அண்ணன் அசையமாட்டார். "பழசோட சவுண்டு புதுசுல வருமா? இது அடிச்சா நெஞ்சுல வந்து உக்காருது. அதெல்லாம் பிளாஸ்டிக்கும்மா" என்பார். அவர் கஞ்சத்தனத்துக்கு இசைஞானம் என்று பெயர் சூட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒரு வைகாசியில் அண்ணியின் நச்சரிப்பு வென்றது. கடைக்காரர் ஒரு புது இயந்திரத்தைக் கொடுத்து, திண்டிவனம் கல்யாணம் வரைக்கும் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். கறுப்பாக, ஒல்லியாக, ரப்பர் பொத்தான்களோடு இருந்தது. தவில் கேட்டால் தவில், டோலக் கேட்டால் டோலக். பாட்டின் வேகத்தை எண்ணாகத் திரையில் காட்டும். ஒரு பொத்தானைத் தாளத்துக்கு ஏற்பத் தட்டிக்கொண்டே வந்தால், வெளியே ஓடும் பாட்டின் வேகத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடும். எனக்குக் கண்டதும் ஆசை. அண்ணன் மட்டும் சம்பந்தி வீட்டுச் சீரில் குறை தேடுவதுபோல அதைப் பார்த்தார்.

முதல் ஒத்திகையிலேயே வம்பு. அசல் பாட்டின் கேசட்டில் இருந்த வேகத்தை அப்படியே புதியதில் ஏற்றிவிட்டு ஒரு குத்துப்பாட்டை எடுத்தோம். இரண்டாவது சரணத்தில் அண்ணிக்கு மூச்சு வாங்கி, வரி பாதியில் அறுந்தது. "இது கோளாறு புடிச்சது, தானா ஓடுது" என்றார் அண்ணி. "நான் அப்பவே சொல்லல? திருப்பிக் குடுத்துடலாம்" என்று அண்ணன் ஜல்தியாக ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். அந்த அவசரம்தான் அண்ணிக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

"இருங்க. எது ஓடுது, எது தூங்குதுன்னு இன்னிக்குப் பாத்துடலாம்" என்றார். பழைய பெட்டியைப் போட்டு, விசிறியை நிறுத்தி, உலையில் அரிசி வேகும் நேரம் முழுக்கத் தனியாக அடிக்கவிட்டார். நான் புதியதில் தட்டிப் பார்த்தேன். பெட்டி தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்திருந்தது. எண் அசையவில்லை. பிறகு அண்ணனைப் பெட்டியிடம் உட்காரச் சொல்லி, அதே பாட்டைப் பாடினார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். நூற்று முப்பதில் தொடங்கிய பாட்டு, இரண்டாவது சரணத்தில் நூற்றுப் பதினெட்டுக்கு வந்துவிட்டது. அண்ணி பாட்டை நிறுத்தி அண்ணனின் கையைப் பார்த்தார். கை திருகின்மேல் இருந்தது.

"எத்தினி வருசமா?"

"சின்னது பொறந்ததுல இருந்து" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு மூச்சு பத்தலைன்னா எங்கிட்ட இல்ல சொல்லணும்? பொட்டிக்கு ஃபேன் போட்டுக்கினு ஊரையே ஏமாத்தியிருக்கீங்க. நானும் தேறிட்டேன்னு பீத்திக்கினு இருந்திருக்கேன்."

"ஒரு தரம் மேடையில மூச்சு விட்டுப்போச்சுன்னா நீ மைக்க வெச்சுட்டுப் போயிடுவ. ஒன்னைய எனக்குத் தெரியாதா? அந்த பயம்தான்."

அவர் சொன்னது பொய்யில்லை. அண்ணி அப்படிப்பட்டவர்தான். அந்தப் பயத்தில் இத்தனை வருடம் கூடவே இருந்த தங்கையிடம்கூட மூச்சு விடாமல் விசிறியைத் தூக்கிக்கொண்டு திரிந்த அண்ணனை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. "திண்டிவனத்துக்குப் புதுசுதான் வரும். அது எனக்காவப் பொய் சொல்லாது. அதுல பாட முடியலைன்னா இனிமே மைக்கத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இயந்திரத்தை அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டார்.

பிறகு எங்கள் வீட்டுச் சமையலே தாளத்தோடு நடந்தது. வேகத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு பாடுவார், முழுதாக வந்தால் ஓர் எண் ஏற்றுவார். மல்லாட்டைக் கடலை உரிக்கும்போதும் பாட்டு, கேப்பைக் களி கிண்டும்போதும் பாட்டு. அண்ணனிடம் பேச்சு மட்டும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை என்னிடம் கொடுத்து, "ஒங்க அண்ணன்கிட்ட வெச்சுடு" என்பார், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும். பேஜாராகிப்போன அண்ணன் களியை விழுங்குவார். கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும், அந்தக் குத்துப்பாட்டின் கடைசிச் சரணம் அண்ணிக்கு முழுதாக வரவில்லை.

திண்டிவனம் மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் முன்வரிசை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆட்டத்துக்குத் தயாராக நின்றார்கள். மெலடிகள் எல்லாம் நன்றாகப் போயின. கடைசியாக அந்தப் பாட்டு. முதல் சரணத்தைத் தாண்டினார், இரண்டாவதையும் தாண்டினார். கடைசிச் சரணத்தில் மூச்சுக்குத் திணறி அண்ணியின் தோள் உயர்ந்தது. அண்ணனின் கை தன்னையறியாமல் மேசையைத் தடவியது. திருப்புவதற்கு அங்கே எதுவும் இல்லை. இயந்திரம் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வரிக்கு மூச்சில்லை என்று தெரிந்த அந்த நொடியில், அண்ணி மைக்கை ஆடிக்கொண்டிருந்த பையன்கள் பக்கம் நீட்டிவிட்டார்.

அவர்கள் பாடினார்கள். பாடினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்தினார்கள். சுருதி ஊரைத் தாண்டி மயிலம் பக்கம் போய்விட்டது. அந்த ஒரு வரிக்குள் அண்ணி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வரியில் வந்து விழுந்தார், தாளம் இம்மியும் பிசகாமல். மண்டபம் அதிர்ந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இரண்டாம் முறை பாடும்போது, அதே வரிக்கு அவர் மைக்கை நீட்டிய தோரணையைப் பார்த்தவர்கள், ஆரம்பத்திலிருந்தே அது அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அந்த நிமிடத்தில் உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள் அண்ணிதான். இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை, சொன்னால் தாங்காது.

திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். அண்ணன் தம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். "இன்னாங்க, டீ ஆறுது" என்றார் அண்ணி, அவரிடமே, நேராக. புது இயந்திரம் எங்களிடமே தங்கிவிட்டது.

பழையதை விற்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. பரணில் ஏறிய அது பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் இறங்கியது. இறக்கியவள் அந்த இரண்டாவது பெண். சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டு, லேப்டாப்பிலேயே பாட்டு செய்துகொண்டிருந்தாள். நூற்றுக்கணக்கான தாள ஒலிகள் அதற்குள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். "அத்தை, இந்த சவுண்டுக்கு இப்ப இன்னா மவுசு தெரியுமா? அலையறாங்க" என்றாள். நெஞ்சில் வந்து உட்காரும் என்று அண்ணன் சொன்னது முழுக்கச் சாக்கில்லை போலிருக்கிறது. தூசி தட்டி, மாட்டினோம். ரும்பாவும் ராக்கும் சேர்ந்து உயிரோடு எழுந்தன.

லேப்டாப்பில் பதிவு செய்ய அந்தக் குத்துப்பாட்டையே பாடச் சொன்னாள் மகள். அண்ணிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முதல் இரண்டு சரணத்தையும் ஒரு கை பார்த்தார். அண்ணன் பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் வரும் இசை இடைவெளியில் அண்ணி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கொஞ்சம் கொறைங்க."

"அம்மா, நடுவுல ஸ்பீடு மாறக் கூடாதும்மா! கம்ப்யூட்டர்ல உக்காராது" என்று பதறினாள் மகள்.

"உக்காரலைன்னா நிக்க வையி. அவரு பாத்துக்குவாரு."

அண்ணன் கையை நீட்டித் திருகைத் திருப்பினார், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அண்ணி அடுத்த வரியை எடுத்தார்.