கழுவிட்டு வந்ததும், குலுக்கிட்டேன்னு சொன்னதும்

ஆட்டோவில் மைக் கட்டி முகாம் அறிவிப்பு செய்கிறவன் நல்ல சேதியை ஊர் முழுக்கக் கத்த வேண்டும், கெட்டது நடந்தால் ஏச்சு வாங்க வேண்டும். என்மேல் முதலில் பழி போட்டவர் முகாம் சூப்பர்வைசர் கனகராஜ். அடுத்தவன் தப்புக்கு ஏச்சு வாங்கியவர்களே, கேளுங்கள்.

மைக்கில் சொன்னது

உப்பளத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. "சுத்தபத்தமா வரச் சொல்லும்" என்றார் கனகராஜ். தெருத்தெருவாகச் சொன்னேன். உப்பும் வேர்வையுமாக டாக்டரம்மா முன்னால் படுப்பதா என்று கூசிய பெண்கள் உள்ளே வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்கள், என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் உட்பட. வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "அண்ணாச்சி, எங்கல்யாணத்துக்குக்கூட இப்படிக் குளிச்சதில்ல!"

பள்ளமும் பழியும்

கர்ப்பப்பை வாயில் சுரண்டியெடுத்துத் தடவிய கண்ணாடி ஸ்லைடுகளை ஆட்டோவில் லேபுக்குக் கொண்டுபோனதும் நான்தான். நிறையப் பேருக்கு, பேச்சியம்மாளுக்கும், 'செல் போதாது, திரும்ப எடுக்கணும்' என்று ரிசல்ட் வந்தது. "இவரு பள்ளத்துல விட்டுக் குலுக்கிட்டாரு" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கைகாட்டினார் கனகராஜ். நர்சம்மா சிரித்துவிட்டார். ஸ்லைடில் தடவி ஸ்பிரிட்டில் போட்டது குலுங்கினால் போகாது, உள்ளே கழுவினதில்தான் செல் போச்சு என்றார். கனகராஜ் அசரவில்லை: "எதுக்கும் நீரு மெதுவா ஓட்டியிருக்கலாம்."

இரண்டாம் தடவை

மறுபடி வரமாட்டேன் என்றாள் பேச்சியம்மாள். "நோய் இருந்தா இருக்குன்னு வந்திருக்கும்லா? வரலியே!"

"வலை கிழிஞ்சிருந்தா கடல்ல மீனே இல்லங்கியா?" என்றேன்.

கனகராஜைக் கேட்காமலே மைக்கைக் கட்டினேன். "போன தடவை சொன்னது தப்பு! உள்ளே கழுவாம வாங்க!" என்று அதே தெருக்களில் கத்தினேன். கனகராஜ் போனில், "யாரைக் கேட்டுச் சொன்னீரு?" என்றார். கட் பண்ணிவிட்டேன்.

இந்தத் தடவை கழுவாமல் வந்த பேச்சியம்மாளுக்குச் செல்லில் மாற்றம் தெரிந்தது. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தின கட்டம். மேற்கொண்டு பார்த்து, சின்ன சிகிச்சையோடு சரிசெய்தார்கள். "முதல்லயே நல்லாருக்குன்னு வந்திருந்தா விட்டிருப்பமே?" என்று கேட்டேன். நல்லாருக்குன்னு வந்தாலும் இந்த டெஸ்ட் சிலதைத் தவறவிடும், அதனால்தான் சொன்ன காலத்தில் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறோம் என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பும்போது பின்சீட்டிலிருந்து பேச்சியம்மாள் சொன்னாள்: "பள்ளம் பாத்து ஓட்டுங்க. நான் குலுங்கினாலும் பழி உங்க மேலதான்."

அவளுக்கு அடுத்த பரிசோதனைக்கே நாள் வந்துவிட்டது, கனகராஜ் என்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் நாள் வரவில்லை.