எழுந்து நின்று கேட்ட பாட்டு

போன வாரம் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அழுதேன் என்றால்... சத்தமெல்லாம் இல்லை. காதில் இயர்போன், மடியில் டிபன் பாக்ஸ், கண்ணில் தண்ணீர். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"ஏமைந்தி அண்ணா? எவரைனா போயாரா?"

யாராவது செத்துவிட்டார்களா என்கிறார்.

"லேதண்டி... பாட்டு" — இல்லைங்க, பாட்டுதான் என்று காதைக் காட்டினேன்.

"பாட்டா? அந்த மாதிரி பாட்டு எந்துக்கண்டி? தீசேயண்டி!" — அதெல்லாம் எதற்கு, கழற்றிப் போடு என்று உத்தரவு. பின் சீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

கவனித்திருக்கிறீர்களா? குத்துப் பாட்டு கேட்டுக்கொண்டு தொடையில் தாளம் போட்டால் ஒருவரும் காரணம் கேட்பதில்லை. சோகப் பாட்டு கேட்டால் மட்டும் பஸ்ஸே விசாரணைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பாட்டைச் செய்தது என் மகள் எஸ்தர்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் வேலை அவளுக்கு. பக்கத்து ஊரான தடாவில் ஒரு தோழியோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான் தினமும் சித்தூரிலிருந்து போய்த் திருப்பதியில் ஒரு ஓட்டலில் பெட்ஷீட், டவல் பார்த்துக்கொள்கிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை... அதனால்தான் இந்தப் பத்தி.

எஸ்தர் ஒரு செகண்ட் ஹேண்ட் சிந்தசைசர் வாங்கி, லீவு நாளில் எல்லாம் ரூமில் உட்கார்ந்து ஒரு ஆல்பம் செய்திருக்கிறாள். பெயர் 'ஷிப்ட் மாறும் நேரம்'. இந்த வகைக்கு சின்த்-பாப் என்று பெயராம். கம்பெனி எதுவும் இல்லாமல் நாமே போட்டுக்கொண்டால் இண்டி. எனக்கு இதெல்லாம் புதுசு. போனில் அனுப்பி வைத்தாள். கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"நைனா... நீ இப்போ கேட்டுக்கினு இருக்கிறது மூணாவது பாட்டு."

தப்பு என்னுடையதுதான். எங்கள் சர்ச் சபையில் கீபோர்டு என்றால் பட்டனைத் தட்டியதும் தபேலாவும் டிரம்ஸும் சேர்ந்து ஓட வேண்டும். இதில் தாளம் எங்கேயோ தூரத்தில், பக்கத்து ரூம் ஃபேன் மாதிரி டக்... டக் என்கிறது. அதன் மேல் ஒரே சுரம் நீளமாக நிற்கிறது. ஹைவேயில் லாரி போய் முடிந்த பிறகும் காதில் மிச்சம் இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் தினமும் பஸ்ஸில் கேட்கக் கேட்க, பாட்டு எனக்குள் நிதானமாக இறங்கி உட்கார்ந்துகொண்டது.

ஒரு பாட்டு முழுக்க ரூம் தோழியைப் பற்றி. ஒருத்திக்குப் பகல் ஷிப்ட், இன்னொருத்திக்கு இரவு ஷிப்ட். ஒரே கட்டில். எழுந்து போனவளின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் வந்து படுக்கிறாள். பேச நேரமே இல்லாத இரண்டு பேருக்கு அந்தச் சூடுதான் பேச்சு. இதைப் பாடும்போது எஸ்தரின் குரல் கொஞ்சம்கூட அழாது. பேங்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது போல நேராகப் பாடிவிட்டுப் போகிறாள். கேட்கிறவனிடம் அழுகையை விட்டுவிடுகிறாள்!

அடுத்து 'துன்னியா' பாட்டு. சாப்பிட்டாயா என்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்போம். என்னைக் கண்டக்டரிடம் மாட்டிவிட்டது இதுதான்.

துன்னியா? — துன்னேன்.
தூங்கினியா? — தூங்கினேன்.
வேற? — வேற ஒண்ணும் இல்ல.

பாட்டில் மொத்த வார்த்தையே இவ்வளவுதான். நான் தினமும் அவளோடு போனில் பேசுவதும் இவ்வளவுதான். அந்த 'வேற ஒண்ணும் இல்ல'வுக்குப் பிறகு அவள் வாயை மூடிக்கொள்கிறாள். கீபோர்டு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது... போன் வைத்த பிறகு எங்கள் இரண்டு பேர் மனசிலும் ஓடுகிறதெல்லாம் அதில் இருக்கிறது. அழாமல் என்ன செய்வது?

சனிக்கிழமை எஸ்தர் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் சொன்னாள்.

"சின்த்தை வித்துடப் போறேன் நைனா. தடாவுல ஒருத்தர் கேட்டுக்கினு இருக்கார். திங்கக்கிழமை வந்து எடுத்துக்கினு போறாராம்."

"ஏம்மா?"

"நெட்ல போட்டேன், யாரும் கேக்கல. கேக்கறவங்களும் பாதியில போயிடறாங்க. என் ரூம்மேட்டே, நல்லாத்தான் இருக்குடி, ஆனா தூக்கம் வருதுன்றா. போதும், இனிமே பண்ண மாட்டேன்."

'நான் பஸ்ஸில் அழுதேன்மா' — சொல்ல வேண்டியது அதுதானே? வாய் வரை வந்தது.

"துன்னியா?" என்று கேட்டேன்.

என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியத் தலைவி ரூபவதி அக்காவிடம் போய் நின்றேன். ஹாலில் டீயும் பன்னும் கொடுக்கும் நேரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அக்கா... ஸ்பீக்கர்ல... எஸ்தர் பாட்டு ஒண்ணு..."

"உன் பொண்ணு பாட்டா? ஆடற பாட்டா இருக்கப் போவுது தம்பி!"

"இல்லக்கா. அழுவற பாட்டு."

"அப்போ போடு. அதுக்கு நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க."

எஸ்தர் என்னை முறைத்தாள். "யாரும் கேக்க மாட்டாங்க நைனா, அசிங்கமா பூடும்" என்றாள். நான் போனை ஸ்பீக்கரில் மாட்டிவிட்டேன். 'துன்னியா' பாட்டின் முதல் சுரம் ஹால் முழுக்க நீளமாக எழுந்தது.

ஹாலும் எழுந்தது!

எங்கள் சபையில் கீபோர்டில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தால் ஜெபத்துக்கு எழுந்து நில் என்று அர்த்தம். யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக எழும். டீ கப் பெஞ்சுக்கு அடியில் போனது. பாதி பன் கைக்குட்டைக்குள் போனது. பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பாஸ்டர் ஐயாவே எழுந்து கண்ணை மூடிவிட்டார்.

"நைனா! எதுக்கு எழுந்துக்கினாங்க? உக்காரச் சொல்லு!" எஸ்தர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால்... நானா? நாக்கு ஒட்டிக்கொண்டது. என் கூச்சம் இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஏனென்றால் அதற்குள் அவள் குரல் வந்துவிட்டது. துன்னியா?... துன்னேன்.

முன் வரிசையில் மூடியிருந்த கண்கள் திறந்தன. அந்த ஹாலில் இருந்தவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் ஸ்ரீசிட்டியில், சென்னையில், பெங்களூரில். எல்லா வீட்டு போனிலும் இதே பேச்சுதானே? 'வேற ஒண்ணும் இல்ல' என்று அவள் பாடியபோது, பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் மெல்ல, "எங்க வூட்டுப் பையனும் இதையே தாம்பா சொல்றான்" என்றது. இது ஜெபம் இல்லை, உட்காரலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் உட்காரவில்லை. கடைசி சுரம் தேய்ந்து அடங்கியது. அடங்கியதும், பழக்க தோஷம்... ஹால் மொத்தமும் சேர்ந்து, "ஆமென்!"

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அடுத்தது போடு" என்றார் ரூபவதி அக்கா. எட்டுப் பாட்டையும் நின்றபடியே கேட்டார்கள். டீ ஆறிப்போனது. கட்டில் பாட்டு முடிந்ததும் ஒரு அம்மா வந்து எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "பஸ்ல அழுதேன்மா" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்!

அவள் என்னைப் பார்த்தாள். தடாக்காரருக்கு அங்கேயே போன் போட்டாள். "சாரிங்க... விக்கல. அடுத்த ஆல்பம் பண்ணணும்."

பக்கத்தில் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ரூபவதி அக்கா நிமிர்ந்தார். "பண்ணு கண்ணு, நல்லா பண்ணு. எப்போ உக்காரணும்னு மட்டும் அதுல சொல்லிடு... முட்டி வலிக்குது."