மரணக் கிணற்றில் ஓட்டியவள்

பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் டெய்லர். செக்கிங் பிரிவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நான்கு வருடமாக ராயபுரத்திலிருந்து என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வருகிறாள். நான் நாற்பது வயதுக்கு மேல் வண்டி பழகியவள். எதிரே லாரி வந்தால் காலை ஊன்றி நின்றுவிடுவேன். "பயப்படாத கண்ணு, கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று அவளுக்குத் தைரியம் வேறு சொல்வேன். "சரிக்கா" என்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சினிமாவுக்குப் போனோம். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் பிழைக்கிற குடும்பத்தின் கதை. கதாநாயகி மரணக் கிணற்றுக்குள் பைக் ஓட்டுகிறாள். பலகைச் சுவரில் வட்டமடித்து அவள் மேலே ஏற ஏற, தியேட்டரே கைதட்டியது. இவள் மட்டும் உச்சுக்கொட்டினாள்.

"முடிய இப்படி விரிச்சுப் போட்டுட்டு ஒருத்தியும் ஏற மாட்டாக்கா. கண்ணுல அடிச்சா முடிஞ்சுது."

"உனக்கெப்படிப் புள்ள தெரியும்?"

"நான் ஆறு வருசம் ஓட்டியிருக்கேன்லா."

அதற்குப் பிறகு நான் படத்தைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன். ராட்டினத்தைப் பிரித்து லாரியில் ஏற்றும் காட்சியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன். "ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"கல்யாணத்துக்கு அப்புறம் அவருக்கு அது பிடிக்கல. ஓட்டவும் வேண்டாம், யார்ட்டயும் சொல்லவும் வேண்டாம்னுட்டாரு."

"என்ற வண்டி ஓட்டுற லட்சணத்தப் பாத்து மனசுக்குள்ள சிரிச்சிருப்பியே?"

"ஐயோ இல்லக்கா. நம்மளயும் ஒருத்தர் பத்திரமாக் கூட்டிட்டுப் போறாங்களேன்னுதான் இருக்கும்."

ஸ்கூட்டர் சாவியை அவள் கையில் வைத்தேன். அவள் முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு ஏறினாள். இரண்டு பஸ்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனபோது, "மெதுவாப் போ சாமி!" என்று அலறினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், மூன்றாம் நாள் தானே அந்தப் படத்துக்கு அவளை அழைத்துப் போயிருக்கிறார். பைக் காட்சி முடியும்வரை அவள் கையை விடவே இல்லையாம்.

"கை வேர்த்துப்போச்சுக்கா அவருக்கு" என்றாள், துணியில் பிசிறு வெட்டிக்கொண்டே.