பஸ்ஸின் மேல் போட்ட பழி

ஞாயிறு காலை பத்தே கால் மணிக்கு, மாதா கோவிலில் பாட்டுக்காக எழுந்து நின்ற என் மகள் ஸ்டெல்லா அப்படியே சரிந்து விழுந்தாள்.

மதுரையில் கல்லூரியில் படிப்பவள், விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்து ஒரு வாரமாகியிருந்தது. தட்டு நிறையச் சாப்பிடுவாள். உடனே கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுப்பாள். "வத்தலக்குண்டுலேர்ந்து மலையேறின பஸ்ஸு இன்னும் வயித்துக்குள்ள வளையுதும்மா" என்று சிரிப்பாள். நானும் நம்பி இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். "பஸ் வாந்தி, எறங்கினதும் நின்னுரும்ங்க. குண்டாயிருவோம்னு பயந்து இவளாத்தான் வாந்தி எடுத்திருக்கா. அதுல உடம்புல உப்புச் சத்து கொறைஞ்சு நெஞ்சுத் துடிப்பே தடுமாறிப்போச்சு. விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. வையாதீங்க. இது அடம் இல்ல, நோய்."

மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். சாப்பிட்டதும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கதை பேசுகிறோம். அவள் உடல்வாகைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை. யாருக்கு அடிக்கடி வாந்தி என்றாலும் நானே காரணம் கற்பிக்காமல் டாக்டரிடம் போகிறேன்.

அவள் கோவிலில் விழுந்த அன்று கடைசியாக, பண்ணைக்காட்டில் வேலையிலிருந்த என் கணவர் ஜீப் பிடித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். திட்டு விழும் என்று அவள் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "டாக்டரம்மா எல்லாஞ் சொன்னாங்க தாயி. நான் வையறதுக்கு வரல. லீவு போட்டுட்டு ஒங்கூட இருக்க வந்திருக்கேன்."