சிவப்புப் பென்சிலில் ஓர் எண்

எண்பதுகளில், பம்பாயில் எங்கள் மாட்டுங்கா ஆபீசின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் பழுதானது. ஆறு மாத வேலைக்கு மிஞ்சியது நான் நகல் எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு டேப். அதை எடுத்துக்கொண்டு எங்கள் செம்பூர் கிளைக்கு ஓடினேன். அங்கிருந்த கம்ப்யூட்டர் அதைப் படிக்க மறுத்தது.

ஆபரேட்டர் தாராவிக்காரர். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் பேனா இல்லை, சிவப்புப் பென்சில். டேப்பின் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்க பேரு இருக்கு, தேதி இருக்கு. எந்த பிளாக் சைஸ்ல எழுதுனீய சார்?”

“அது யாருக்குத் தெரியும்? டேப் கெட்டுப்போச்சுய்யா!”

“டேப்பைக் குத்தம் சொல்லாதீய. நீங்க டேட்டாவைத் துண்டு துண்டா, பெரிய பெரிய பிளாக்கா எழுதியிருக்கீய. இந்த மிஷின் சின்னச் சின்னதா கேக்குது. எப்படிப் படிக்கும்?”

பிளாக் அளவைக் கூட்டுவார், டேப்பை முதலிலிருந்து ஓட்டுவார், பிழை வரும். மறுபடியும் கூட்டுவார். நான்காவது தடவை திரையில் எங்கள் ஃபைல்களின் பெயர்கள் ஓடின. நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. லேபிளில், பொருந்திய அந்த பிளாக் அளவின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

“அடுத்து படிக்கிறவரு தவிக்கக் கூடாதுல்லா.”

அந்த லேபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் பெயர் பெரிதாக, அவருடைய எண் சிறிதாக. அவர் பெயரைக் கேட்க எனக்கு அன்று தோன்றவே இல்லை.