சைலன்சருக்கு நைனா சொன்ன தீர்ப்பு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோறு தின்னும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் முதலில் வாங்கத் தோன்றியது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். எழுபதுகளின் தொடக்கம் அது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் சந்தில் வேறு யாரிடமும் மோட்டார் சைக்கிள் கிடையாது. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. சைலன்சர் மட்டும் கடல் உப்பில் அரித்துப்போய், விரலால் அழுத்தினால் பொத்துக்கொண்டது.

அதை மாற்றப் போனதில்தான் பேஜாரு ஆரம்பம். வண்டிக்கே உரிய கம்பெனி சைலன்சர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினேன். சத்தமே இல்லை. என் தோஸ்து, தொழிற்சாலையில் வெல்டர், அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அதற்கு 'ஊமை' என்று பேர் வைத்ததும் அவன்தான்.

"வண்டி மூக்க அடைச்சிகினு கீது மாமு. தொறந்து வுட்டுப் பாரு, பறக்கும்" என்றான்.

சொன்னதோடு நிற்காமல் இரண்டு குழாய் செய்தும் கொடுத்தான். ஒன்று முனையில் அகன்று விரிந்தது, உள்ளே தடுப்பே இல்லாதது. அதைப் பீரங்கி என்றோம். இன்னொன்று நீளமானது, பருத்தது, உள்ளே ஒன்றிரண்டு தகடுகள் மட்டும் வைத்தது. அது நீட்டுக் குழாய்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் ரோட்டில் மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டினோம். மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போய், கியரை மாற்றாமல் முறுக்கி, எவ்வளவு சீக்கிரம் முந்துகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் சோதனை. ஊமை முனகாமல் முந்தியது. நீட்டுக் குழாய் 'டப், டப்' என்று நெஞ்சில் குத்திக்கொண்டு, அதைவிட நன்றாக இழுத்தது. பீரங்கியோ மெதுவாகப் போகும்போது முறுக்கினால் இருமியது. நன்றாகச் சூடேறி வேகம் பிடித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. சத்தத்தை வைத்துப் பறக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது லாரி எனக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் எனக்குப் பீரங்கிதான் வேண்டும். ரோட்டில் எல்லாத் தலையும் திரும்பியது அதற்குத்தான்.

அம்மா விடவில்லை. நைனாவுக்கு ஹார்பரில் வின்ச்சு ஓட்டும் வேலை, கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவார். நான் சந்துக்குள் நுழைந்ததும் அம்மா வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"ராவெல்லாம் மாடா ஒழைச்சிட்டு வந்து மனுசன் இப்பதான் கண்ண மூடுறாரு. தூக்கம் கெடுதுன்னு சொல்லிகினே கீறாரு. உனுக்கு ஒறைக்கவே ஒறைக்காதா?"

ஈஸ்டருக்குள் இதற்கு ஒரு வழி பண்ணு, இல்லையென்றால் வண்டி இந்தச் சந்துக்குள் வரக்கூடாது என்று கெடுவும் வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் அவள் பக்கம். எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நைனா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

நைனா வீட்டில் அதிகம் பேசமாட்டார். கையால்தான் எல்லாம். கப்பலில் வின்ச்சுக்காரருக்குத் தளத்தின் ஓரத்தில் நிற்கிற ஆள் கை காட்டுவான். விரலை மேலே சுழற்றினால் 'ஹபீஸ்', தூக்கு. உள்ளங்கையைக் கீழே ஆட்டினால் 'ஆரியா', இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. இந்தப் பழக்கம் எங்கள் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்துவிட்டது. சோறு போடச் சொல்ல ஆரியா, போதுமென்றால் முஷ்டி. நாங்களும் அவரிடம் கையாலேயே பேசப் பழகிவிட்டோம். ஹார்பர்க்காரர் கெத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தூக்கம் கெடுவது நைனாவுக்கு, அதனால் தீர்ப்பும் நைனாவே சொல்லட்டும் என்றேன். "அவர எதுக்குடா இதுல இஸ்துகினு வர்ற?" என்று அம்மா சீறினாள். நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். சந்து முனையில் தோஸ்து குழாயைக் கழற்றி மாட்டித் தர, ஒவ்வொன்றோடும் நான் அவர் முன்னால் போய் வந்தேன். ஊமைக்கு விரலை மேலே சுழற்றினார், ஹபீஸ். நீட்டுக் குழாய்க்கும் அதே. பீரங்கியோடு போனபோது எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டது, பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நைனா சிரித்துக்கொண்டே விரலைச் சுழற்றினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவே சரியென்ற பிறகு இனி யார் என்ன சொல்ல முடியும்?

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். நான் வண்டியைத் திருப்பி, பீரங்கியை அலறவிட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தேன். சந்தின் நடுவில் நடந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நைனா ஒதுங்கவில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். கடைசியில் பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் அவர் லுங்கியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்போதும் அவர் திரும்பவில்லை. எதிரே டீக்கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் திரும்பினார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாக முஷ்டியை மூடிக் காட்டினார்.

"இன்னா நைனா, காது கேக்கலியா?" என்றார் டீக்கடைக்காரர்.

அம்மா எப்படித்தான் அவ்வளவு வேகமாக வந்தாளோ. "கேக்காம இன்னா? புள்ள மேல கோவம். இடிக்கிறியா, இடி பாக்கலாம்னு வீம்புக்கு நடக்கிறாரு" என்று தெருவுக்கே சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவள் குரல் தணிந்துவிட்டது. நீராவி வின்ச்சுப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்ததில் நைனாவுக்குக் காது போய் வெகுநாளாகிறது. கப்பலில் எல்லாம் கைஜாடை என்பதால் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வின்ச்சிலிருந்து இறக்கிவிடுவார்கள். சந்தில் பாதி வீடு ஹார்பர் வேலைக்காரர்கள் வீடு.

"அதான் வாசல்ல நின்னு கத்துறேன். தூக்கம் கெடுதுன்னு நான் கத்தினாத்தானே அவருக்குக் காது கேக்குதுன்னு நாலு பேரு நம்புவான்" என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அதற்குப் பிறகு பயம். ஹார்பருக்குள் அவர் நடந்து போகிற வழியெல்லாம் தண்டவாளம். கூட்ஸ் வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு எஞ்சின் வரும். ஒரே கூவல்தான் எச்சரிக்கை. அன்று முழுக்க நான் உட்காரவேயில்லை, வீட்டுக்கும் சந்து முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாளிலிருந்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தண்டவாளங்களைத் தாண்டி விட்டுவிட்டு வந்தேன், காலையில் அங்கிருந்தே ஏற்றிக்கொண்டும் வந்தேன். புள்ளைக்கு வண்டி வந்தால் அப்பனுக்கு நடை மறந்துபோகிறது என்று ஹார்பரில் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும். அம்மா வாசலில் கத்துவதை நிறுத்தவில்லை, நானும் பதிலுக்குக் கத்தினேன். ஈஸ்டரும் வந்து போனது, கெடுவைப் பற்றி அவள் பேசவில்லை.

பீரங்கியோடு போனபோது நைனா பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊமையிலும் அப்படியே. பிறகு ஒரு சாயங்காலம் நீட்டுக் குழாயை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று வழக்கம்போல் முறுக்கினேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் கூட்டம், வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. வண்டி 'டப், டப்' என்று அடித்துக்கொண்டு ஊர்ந்தது. அந்த அடி சீட்டில் ஏறியது, என் முதுகெலும்பில் ஏறியது. நைனாவின் உள்ளங்கை என் முதுகில் வந்து பதிந்தது.

கேட்டைத் தாண்டியதும் மறுபடி முறுக்கப் போனேன். என் தோளுக்கு மேலாக அவர் கை நீண்டு, கீழே ஆடியது. ஆரியா. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இது கேக்குதுடா" என்றார்.